வலது சேனல்

வலது பக்கம் மங்கலாகக் கேட்கிறது என்று முதலில் சொன்னவன் ஜெயக்குமார்தான். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. பிள்ளையார்பாளையத்தில் அவன் வீட்டு மாடி அறையில், தெருச் சத்தம் வராமல் ஜன்னல்களைச் சாத்திவிட்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே இரண்டு ஸ்பீக்கர்கள். நடுவில் ஒரு ஸ்டூலின்மேல் மூடி கழற்றிய ஆம்ப்ளிஃபயர்.

அந்த ஆம்ப்ளிஃபயரைக் கட்டியவன் ஜெயக்குமார். உள்ளே இருந்த சர்க்யூட் போர்டைச் செய்து கொடுத்தவன் வர்த்தமான், ஓரிக்கையில் இன்வெர்ட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன். மூன்றாமவன் டேனியல், வாலாஜாபாத்தில் ஓர் அரிசி ஆலையில் எலக்ட்ரீஷியன். மூவருக்கும் நாற்பதை ஒட்டிய வயது. கடையில் விற்கிற செட்டை வாங்கிப் பாட்டுக் கேட்பதில் இவர்களுக்குத் திருப்தி இல்லை. தாங்களே கட்ட வேண்டும், கட்டியதைப் பிரிக்க வேண்டும், ஏதாவது ஒன்றை மாற்றிப் போட்டு மறுபடி கேட்க வேண்டும். அதிகம் மாற்றியது ஆப்-ஆம்ப் என்கிற சிப்பைத்தான். எட்டுக் காலோடு கறுப்புப் பூச்சி மாதிரி இருக்கும். பாட்டு அதற்குள் போய்த்தான் முதலில் பெரிதாகும். போர்டில் அதைப் பற்றவைக்காமல் சாக்கெட்டில் செருகியிருந்தார்கள், வேண்டும்போது பிடுங்கிவிட்டு வேறொன்றைப் போட. இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று. இந்தச் சிப்பில் குரல் முன்னால் வருகிறது, அந்தச் சிப்பில் தவில் கனமாக விழுகிறது என்று பகல் முழுக்கப் பேசுவார்கள். நிஜமாகவே வித்தியாசம் இருந்ததா என்று கேட்டால் டேனியல் சிரிப்பான். "பாதி சிப்பு, மீதி நம்ம நெனப்புதான்பா" என்பான்.

ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் எப்போதும் போடுவது ஒரே ஒரு பதிவைத்தான். கருட சேவையன்று தெருவோரம் ஒரு வீட்டு மாடியிலிருந்து வர்த்தமான் பதிவு செய்தது. இடப்பக்கம் நாதஸ்வரம், நடுவில் தவில், வலப்பக்கம் ஒரு கிழவர் தட்டுகிற தாளம். அந்தத் தாளத்தின் ஓசை எந்தச் சிப்பில் கூர்மையாக வருகிறதோ அந்தச் சிப்பு நல்ல சிப்பு. அவர்களுக்குள் அப்படி ஒரு கணக்கு.

அன்று வர்த்தமான் புதிதாக ஒரு ஜோடி கொண்டுவந்திருந்தான். அமெரிக்கக் கம்பெனிச் சரக்கு. சென்னையில் தனக்கு நம்பிக்கையான ஆளிடம் சொல்லிவைத்து வாங்கியது. இடுக்கியால் பழையதைத் தூக்கிவிட்டுப் புதியதை அழுத்தினான். பதிவு ஓடி முடிந்தது.

"எப்படி இருக்குது?" என்றான்.

ஜெயக்குமார் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தான். "இடது பக்கம் ஜோரா இருக்குதுபா. வலதுலதான் என்னமோ... துணி போட்டு மூடின மாதிரி. தாளமே காணோம். ஸ்ஸ்னு ஒரு இரைச்சல் வேற வருது."

"இரைச்சலா? எனக்கு ஒண்ணும் வர்லியே," என்றான் டேனியல்.

"நல்லா கவனிச்சிக் கேளு. வந்துக்கினே இருக்குது."

வர்த்தமான் மறுபடி போட்டான். மூவரும் கேட்டார்கள். டேனியலுக்கும் வர்த்தமானுக்கும் தாளம் பளிச்சென்று விழுந்தது. ஜெயக்குமாருக்கு விழவில்லை.

"ரெண்டுல ஒண்ணு டூப்ளிகேட்டா இருக்கும்," என்றான் ஜெயக்குமார். "மேல இருக்குற பேர சுரண்டிட்டு வேற பேரு அடிச்சி விக்கிறானுங்க இல்ல, அந்த மாதிரி."

"நான் வாங்குற எடத்துல அதெல்லாம் கிடையாதுபா. சரி, குடு, கடையில ஸ்கோப் மெஷின்ல போட்டு பாத்துட்டு சொல்றேன்."

சங்கரி, ஜெயக்குமாரின் மனைவி, கீழேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள். வர்த்தமானுக்காகத் தனியாக, வெங்காயம் பூண்டு இல்லாமல் கூட்டும் ரசமும் வைத்திருந்தாள். அவன் குடும்பம் சமணக் குடும்பம். அவன் வரும் ஞாயிறுகளில் அவள் அப்படித்தான் சமைப்பாள். பொழுது சாய்வதற்குள் அவன் வீடு போய்ச் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்பதால் நேரத்தோடு கிளம்பிவிடுவான் என்பதும் அவளுக்குத் தெரியும். "இருட்டப் போவுதுண்ணா, பாத்துக்கினு போங்க" என்று அன்றும் வாசல்வரை வந்து சொன்னாள்.

இரண்டு சிப்பும் ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன, ஒரு குறையும் இல்லை என்று வர்த்தமான் போனில் சொன்னான். ஜெயக்குமார் நம்பவில்லை. திருப்பி வாங்கிப் போட்டுப் பார்த்தான், வலது மங்கல்தான். இடதையும் வலதையும் மாற்றிச் செருகினான். அப்போதும் வலதுதான் மங்கல். மங்கல் சிப்போடு போகவில்லை என்றால் பழுது சிப்பில் இல்லை என்பது அவனுக்குத் தெரியாதது அல்ல. ஆனால் அவனுக்குத் தோன்றியது வேறு. இரண்டுமே போலி, அதிலும் ஒன்று மட்டமான போலி, மாற்றி மாற்றிச் செருகியதில் சாக்கெட்டும் கெட்டுவிட்டது. வர்த்தமான் தெரியாமல் ஏமாந்திருப்பான் என்று முதலில் நினைத்தான். போனில் அவன் திரும்பத் திரும்பச் சாதிக்கவே, தெரிந்துதான் கொடுத்திருக்கிறான் என்று நினைக்க ஆரம்பித்தான்.

இவர்களைப் போல வீட்டில் ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. கோயம்புத்தூர், திருச்சி, சென்னை என்று பல ஊர்க்காரர்கள். வர்த்தமான் செய்கிற போர்டுகளை அதில் நிறையப் பேர் கேட்டு வாங்கினார்கள். அவன் கையால் வந்தது என்றால் நம்பிப் பற்றவைக்கலாம் என்று பெயர். ஒரு நாள் மத்தியானம், தான் வேலை பார்க்கிற கடையில் சாப்பாட்டு நேரத்தில் ஜெயக்குமார் அந்தக் குழுவில் எழுதினான்: "ஓரிக்கை நண்பர் கொடுத்த சிப்பு போலி. கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். வாங்குகிறவர்கள் பார்த்து வாங்கவும்."

பதில் குரல் செய்தியாக வந்தது. வர்த்தமான் அப்படிக் கோபப்பட்டு யாரும் கேட்டதில்லை.

"நாலு தடவ டெஸ்ட் பண்ணிட்டேன். சிப்புல ஒரு மயிரும் இல்ல. பழுது எங்க இருக்குதுன்னு சொல்லட்டுமா? உன் காதுல இருக்குது. போயி ஒரு காது டாக்டர பாருடா, செவிட்டுப் பயலே. அதுக்கப்புறம் வந்து அடுத்தவன் சரக்க கொற சொல்லு."

குழுவில் சிரிப்புப் படங்கள் வரிசையாக விழுந்தன. ஒருவர் காது குடையும் குச்சியின் படத்தைப் போட்டார். ஜெயக்குமார் குழுவை விட்டு வெளியேறினான். வர்த்தமானின் எண்ணை அழித்தான். சங்கரி காரணம் கேட்டதற்கு, "அவன் பேச்ச எடுக்காத" என்றதோடு சரி.

ஆனால் எழுதியது எழுதியதுதான். குழுவில் சிரித்தவர்களே அப்புறம் வர்த்தமானிடம் போர்டு கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள். எதற்கு வம்பு என்று ஒதுங்கினார்கள். வர்த்தமானும் போர்டு செய்வதை விட்டுவிட்டு பேட்டரியும் இன்வெர்ட்டருமாகத் தன் வேலையைப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாடி அறையில் இப்போது ஜெயக்குமார் மட்டும்தான். டேனியல் சில தடவை வந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளப் பிடிக்காமல் அவனும் வருவதைக் குறைத்துக்கொண்டான்.

ஜெயக்குமார் வெவ்வேறு இடங்களிலிருந்து சிப்புகளை வரவழைத்தான். ஒன்று மாற்றி ஒன்று செருகினான். சிலதில் வலது பக்கம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருக்கும். அன்று முழுக்கச் சந்தோஷமாக இருப்பான். அடுத்த வாரம் மறுபடி மங்கிவிடும். சாக்கெட்டை மாற்றினான். கெப்பாசிட்டர்களை மாற்றினான். ஒயரை மாற்றினான். ஸ்பீக்கர்களை இடம் மாற்றி வைத்தான். மங்கல் அதே பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அறையின் வலப்பக்கம் ஓர் இரும்பு பீரோ இருந்தது. அதுதான் சத்தத்தைக் கெடுக்கிறது என்று அதைச் சங்கரியும் அவனுமாக நகர்த்திக் கீழே இறக்கினார்கள். இறக்கும்போது படிக்கட்டில் அவனுக்குத் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இன்னாங்க ஆச்சி?"

"ஒண்ணுமில்ல. காலையில சாப்புடல இல்ல, அதான்."

அவன் செய்யாமல் விட்ட சோதனை ஒன்றே ஒன்றுதான். ஹெட்போனை எடுத்து இடம் வலம் மாற்றிக் காதில் மாட்டிப் பார்ப்பது. அரை நிமிஷ வேலை. ஹெட்போன் அலமாரியில் கண்ணெதிரேயே தொங்கியது. அதை எடுக்கக் கை போகும். ஏதாவது ஒரு காரணம் வந்துவிடும், விட்டுவிடுவான்.

கடையிலும் கோளாறுகள் வர ஆரம்பித்தன. காந்தி ரோட்டில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் பதினெட்டு வயதிலிருந்தே அவன் விற்பனையாளன். வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் உட்கார்ந்து, கல்யாண வீட்டார் முன்னால் சேலையை உதறி விரிப்பதில் அவனுக்கு ஒரு கை அழகு உண்டு. அவன் முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு இருக்கும். அதற்காகவே அவனைத் தேடி வந்து உட்காருகிறவர்கள் இருந்தார்கள். ஒருநாள் மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருவர் அவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து, அரக்கு வேண்டாம், மாம்பழ மஞ்சள் எடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்க, அவன் அரக்காகவே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் எழுந்துவிட்டார். "மனுஷி பேசறத மதிக்க மாட்டீங்களா?" என்று சத்தம் போட்டபோதுதான் திரும்பினான்.

முதலாளி வீராசாமி கூப்பிட்டுக் கேட்டார். ஏசி சத்தத்தில் காதில் விழவில்லை என்றான்.

வீட்டில் சங்கரி கவனித்தாள். வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவள் பேசுவது எதற்கும் பதில் வருவதில்லை. போனை எப்போதும் இடது காதில்தான் வைக்கிறான். சாப்பிடும்போது வலப்பக்கம் நின்று இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்டால் பேசாமல் சாப்பிடுகிறான். சிநேகிதனோடு சண்டை போட்ட வருத்தத்தில் மனுஷன் இப்படி ஆகிவிட்டான் என்று நினைத்தாள். வர்த்தமானைப் போய்ப் பார்த்துச் சமாதானம் பேசலாமே என்று இரண்டு மூன்று முறை சொன்னாள். அவன் எரிந்து விழுந்தான்.

அடுத்த வருஷத்து ஆனி மாதம் ஒரு ஞாயிறு. ஜெயக்குமார் மாடியில் புதுச் சிப்பு ஒன்றைச் செருகிக் கேட்டுக்கொண்டிருந்தான். வலப்பக்க இரைச்சல் அன்று அதிகம். குக்கர் ஆவி விடுகிற மாதிரி சீறியது. இந்தச் சிப்பும் குப்பை என்று எழுந்தான். அப்போது கரண்ட் போயிற்று.

ஃபேன் நின்றது. ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு அணைந்தது. நாதஸ்வரம் பாதியில் அறுந்தது. எதிர் வீட்டில் கைத்தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இரைச்சல் நிற்கவில்லை.

அவன் அப்படியே நின்றான். கிட்டே போய் வலது ஸ்பீக்கர்மேல் கையை வைத்தான். அட்டை அசையவில்லை. ஒயரைப் பிடுங்கினான். சீறல் அதே மாதிரி இருந்தது. வலது காதைக் கையால் பொத்தினான். இன்னும் கிட்டத்தில் கேட்டது.

"சங்கரி!"

அவள் ஈரக் கையோடு மேலே வந்தாள்.

"உனக்கு ஏதாச்சும் சத்தம் கேக்குதா?"

"இன்னா சத்தம்? தறிதான் ஓடுது."

"வேற? ஸ்ஸ்னு?"

"இல்லியே. ஏன் இப்படி வேர்த்துக்கினு நிக்கறீங்க?"

அவன் அலமாரியிலிருந்து ஹெட்போனை எடுத்தான். செல்போனில் செருகி அதே பதிவைப் போட்டான். இடது காதில் நாதஸ்வரம், வலது காதில் ஒன்றுமில்லை. கழற்றி மாற்றி மாட்டினான். தாளம் இடது காதில் வந்து விழுந்தது. ஒரு வருஷமாகக் காணாமல் போயிருந்த தாளம், ஒவ்வொரு தட்டும் தனித்தனியாக, ஊசி மாதிரி. வலது காதில் இருக்க வேண்டிய நாதஸ்வரத்தைக் காணவில்லை.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "சிப்புல இல்ல," என்றான். சங்கரிக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஊரில் காது டாக்டர் அவனைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்துப் பரிசோதித்தார். இடது காது பழுதில்லை. வலது காது ஏறக்குறைய போயிருந்தது. அவர் முகம் மாறியதைச் சங்கரி பார்த்தாள். சென்னைக்குப் போய்த் தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில் ஒரு கட்டி. நல்ல எலுமிச்சங்காய் அளவு வளர்ந்து மூளைத்தண்டை அழுத்திக்கொண்டிருந்தது.

சென்னை ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை டாக்டர் ஒரு பெண். எதையும் மறைத்துப் பேசுகிறவர் அல்ல.

"கேன்சர் இல்ல. அந்த வகையில நல்லது. ஆனா எடுத்தே ஆகணும், விட்டா உயிருக்கு ஆபத்து. வலது காது திரும்பாது. முகத்துக்குப் போற நரம்பு இதோட ஒட்டிக்கிட்டு இருக்கு. அதைக் காப்பாத்தப் பாக்கறோம், உறுதி சொல்ல முடியாது. எப்போ இருந்து கேக்கல?"

"போன வருஷம் ஆடிலேர்ந்து."

"அப்பவே வந்திருந்தா சின்னதா இருந்திருக்கும். காதையும் காப்பாத்த முயற்சி பண்ணியிருக்கலாம். ஒரு வருஷம் ஏன் விட்டீங்க?"

"செட்டுல கோளாறுன்னு நெனச்சிட்டேன்," என்றான் ஜெயக்குமார். டாக்டர் ஸ்கேன் படத்தை உறைக்குள் போட்டார்.

வர்த்தமான் குழுவில் பேசியது சங்கரிக்குத் தெரியவந்தது அந்த ஆஸ்பத்திரியில்தான். பார்க்க வந்த டேனியல் வராந்தாவில் நின்று பேசும்போது, "அன்னைக்கே அவன் சொன்னான், காத காட்டுன்னு. கோவத்துல சொன்னது, யாரும் சீரியஸா எடுத்துக்கல" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டான். சங்கரி அவனை விடவில்லை. அந்தக் குரல் செய்தி அவன் போனில் இன்னும் இருந்தது. போடச் சொல்லிக் கேட்டாள். 'செவிட்டுப் பயலே' என்ற இடத்தில் அவள் முகம் இறுகியது.

"என் கையால சோறு வாங்கித் தின்ன வாயி," என்றாள். "அந்த வாயால சொன்னாரு. பலிச்சிடுச்சி."

"அப்படி இல்லமா. கட்டி அதுக்கு முன்னாடியே இருந்திருக்குது."

"எனக்கு அதெல்லாம் தெரியாது டேனியலண்ணா."

அறுவை சிகிச்சை காலையில் தொடங்கிச் சாயங்காலம்வரை நடந்தது. உயிருக்கு மோசமில்லை. கட்டியில் நரம்போடு ஒட்டியிருந்த ஒரு துண்டை எடுக்க முடியவில்லை, அது வளர்கிறதா என்று வருஷா வருஷம் பார்க்க வேண்டும் என்றார்கள். கட்டு பிரித்த பிறகு கண்ணாடி கேட்டான். சங்கரி கொடுக்கவில்லை. கைகழுவும் இடத்தில் அவனே பார்த்துக்கொண்டான். முகத்தின் வலது பாதி தொங்கியிருந்தது. வாய் இடது பக்கம் இழுத்திருந்தது. வலது கண் முழுதாக மூடவில்லை. தூங்கும்போது அதைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டவேண்டியிருந்தது. வலது காதில் எதுவும் கேட்கவில்லை. இரைச்சல் மட்டும் போகவில்லை. நரம்பு போன பிறகும் சிலருக்கு அது இருக்கும், பழகிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

வீட்டுக்கு வந்த சில நாளில் வர்த்தமான் பார்க்க வந்தான். ஜெயக்குமார் முன்னறையில்தான் படுத்திருந்தான். இடது பக்கமாக ஒருக்களித்து, நல்ல காது தலையணையில் அழுந்தி இருந்தது. அப்படிப் படுத்தால் உலகத்தில் ஒரு சத்தமும் இருக்காது. அதனால் வாசலில் நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியவில்லை.

வர்த்தமான் கையில் ஒரு பை நிறையப் பழம் வைத்திருந்தான். சங்கரி நிலைப்படியிலேயே நின்றாள்.

"உள்ள வராதீங்கண்ணா."

"ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேம்மா. ஒரு நிமிஷம்."

"எதுக்கு? நீங்க சொன்னது சரியா நடந்துச்சான்னு பாக்கவா?"

"அம்மா, நான் தெரிஞ்சி சொல்லல. சத்தியமா தெரியாது."

"தெரியாமயே இப்படி. தெரிஞ்சி சொல்லியிருந்தா ஆளே இருந்திருக்க மாட்டாரு. போயிடுங்க. அக்கம்பக்கம் பாக்குது."

அவன் பழப்பையைப் படியில் வைத்துவிட்டுப் போனான். சங்கரி அதைத் தொடவில்லை. மறுநாள் குப்பை வண்டிக்காரர் எடுத்துக்கொண்டு போனார். வர்த்தமான் வந்ததை ஜெயக்குமார் தெரிந்துகொண்டது டேனியல் சொல்லித்தான், அதுவும் வெகுநாள் கழித்து. சங்கரியிடம் அவன் சண்டை போடவில்லை. அவள் பட்ட பாட்டை அவன் கண்ணால் பார்த்தவன்.

ஒருநாள் மெல்லப் படியேறி மாடிக்குப் போனான். ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தான். எல்லாச் சத்தமும் ஒரே இடத்திலிருந்து, இடது தோள் ஓரத்திலிருந்து வந்தது. நாதஸ்வரம் எங்கே, தவில் எங்கே என்று பிரிக்க முடியவில்லை. ஒரு சந்துக்குள் எல்லாரையும் நெருக்கித் தள்ளிவிட்ட மாதிரி இருந்தது. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அணைத்தான். டேனியலைக் கூப்பிட்டு, ஸ்பீக்கர், சிப்பு டப்பா எல்லாவற்றோடும் அதை எடுத்துக்கொண்டு போகச் சொன்னான். டேனியல் எவ்வளவோ மறுத்தான். கடைசியில் ஆட்டோ வைத்து எடுத்துப் போனான்.

கடையில் முதலாளி வீராசாமி வேலையை விட்டு நிறுத்தவில்லை. "உன்ன வெளிய அனுப்ப எனக்கு மனசு வராதுப்பா" என்றார். ஆனால் மெத்தையில் உட்கார வைக்கவும் இல்லை. நல்ல காரியத்துக்கு வருகிறவர்கள், முகம் பார்த்து வாங்குகிறவர்கள் என்று இழுத்தார். பின்பக்க அறையில், புதிதாக வந்த சேலைகளை மடித்துச் சீட்டு ஒட்டுகிற வேலை. அங்கே ஜன்னல் இல்லை. முன்னால் யாராவது சேலையை உதறும்போது அந்தக் காற்றுச் சத்தம் வரும். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று இப்போது அவனுக்குத் தெரியாது.

கார்த்திகையில் ஒரு நாள் கடைக்கு லீவு போட்டுவிட்டு ஓரிக்கைக்குப் போனான். வண்டி ஓட்ட முடியாது, நடை தள்ளாடும். பஸ்ஸில் போய் இறங்கி, தெரு ஓரச் சுவரை ஒட்டி நடந்தான்.

வர்த்தமான் ஓர் இன்வெர்ட்டரைப் பிரித்துப் போட்டிருந்தான். நிமிர்ந்தவன் அப்படியே எழுந்து நின்றான். ஜெயக்குமாரின் முகத்தைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"இந்தப் பக்கம் உக்காரு," என்றான் ஜெயக்குமார். "அந்தப் பக்கம் கேக்காது."

வர்த்தமான் சுற்றிவந்து இடப்பக்கம் உட்கார்ந்தான்.

"நீ குடுத்த சிப்பு நல்ல சிப்புதான்பா," என்றான் ஜெயக்குமார். வாய் இழுத்திருந்ததால் பேச்சு கொழகொழத்தது. "குழுவுல எழுதணும்னு பாத்தேன். நான் உள்ள இல்ல. டேனியல எழுதச் சொல்லிட்டேன்."

"அத யாரு கேட்டா இப்ப."

"உன் பேரு கெட்டுச்சி இல்ல."

"உடு." வர்த்தமான் திருப்புளியைக் கீழே வைத்தான். "நான் அன்னைக்கி சொன்னது... உன்ன அசிங்கப்படுத்தத்தான் சொன்னேன். நெஜமாவே காதுல இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. தோணியிருந்தா நேர்ல வந்து கையப் புடிச்சி இழுத்துக்கினு போயிருப்பேன்."

"தெரியும்."

"சங்கரி சொல்றது சரின்னு சில நேரம் தோணுது. என் வாயிதான்னு."

"அவ சொல்றத உடு. உன் வாயால கட்டி வளருமா?" பொய் சொல்ல ஜெயக்குமார் வரவில்லை. "ஆனா ஒண்ணு. நீ அப்படிச் சொல்லாம வேற எப்படி சொல்லியிருந்தாலும் நான் போயிருப்பேன். எனக்கே உள்ளுக்குள்ள சந்தேகம் இருந்துச்சி. நீ சொன்னதுனால போவல. போனா நீ சொன்னது சரின்னு ஆயிடும்னு போவல."

வர்த்தமான் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். ஜெயக்குமாருக்கு அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று பட்டது. சொல்லிவிட்டதில் நெஞ்சு லேசானதும் நிஜம். வலது கண்ணில் தானாக நீர் வழிந்தது. அது அழுகை இல்லை, அந்தக் கண் எப்போதும் அப்படித்தான். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டான்.

பேட்டரி வாங்க யாரோ வந்தார்கள். வர்த்தமான் எழுந்து அவர்களை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினான். பிறகு கடையைப் பூட்டிவிட்டு, ஜெயக்குமாரின் கையைப் பிடித்து ரோட்டைக் கடக்க வைத்தான். பஸ் ஸ்டாப்பில் அவனுக்கு இடப்பக்கமாகவே நின்றான்.

அதன் பிறகு மாதம் ஒரு முறையோ என்னவோ பேசிக்கொள்கிறார்கள். பழைய மாதிரி இல்லை. பேச்சு மாத்திரை, கண் மருந்து, வேலை என்று சுருங்கி முடிந்துவிடும். சிப்பைப் பற்றி இருவரும் வாய் திறப்பதில்லை. வீட்டுக்கு வா என்று ஜெயக்குமார் கூப்பிடவில்லை, வர்த்தமானும் எதிர்பார்க்கவில்லை.

ஒரு வருஷம் முடிந்து எடுக்கிற ஸ்கேன் வருகிற ஆடி மாதம். மிச்சமிருக்கிற துண்டு வளர்ந்திருக்கிறதா என்று அதில்தான் தெரியும். சென்னைக்குத் தன் காரில் கூட்டிப்போகிறேன் என்று வர்த்தமான் சொல்லியிருக்கிறான், ஜெயக்குமாரும் சரி என்றுவிட்டான். சங்கரியிடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் சாப்பிட உட்காரும்போது சொல்லலாம் என்று நினைக்கிறான். அவள் அவன் இடப்பக்கம் வந்து நின்று, தொங்கிய உதட்டில் ஒட்டிய சோற்றைத் துடைத்துவிடுவாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவான்.